சம்பளம் கேட்டால் முழுக் கணக்கையும் கேளுங்கள்

சென்ற தீபாவளிக்கு என் தோழி தன் அம்மாவுக்குத் தங்கத் தோடு வாங்கிக் கொடுத்தாள். நான் ஈசூனில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த அம்மா காதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். “என் பொண்ணு சம்பளத்துல வாங்கினதும்மா!” அழகாக இருக்கிறது, ஆன்ட்டி என்றேன். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. ஆனால், வீடு திரும்பும்போது ரயிலில் என் மனத்தில் ஓடியது வேறு. அவளுக்கும் இருபது வயது, எனக்கும் இருபது வயது. நான் என் அம்மாவுக்கு இதுவரை என்ன வாங்கிக் கொடுத்திருக்கிறேன்? என் கைப்பேசிக் கட்டணத்தைக்கூட இன்னும் அம்மாதான் கட்டுகிறார்.

நாங்கள் இருவரும் ஒரே தொடக்கப்பள்ளி, ஒரே உயர்நிலைப் பள்ளி. சாதாரண நிலைத் தேர்வுக்குப் பிறகு அவள் பலதுறைத் தொழிற்கல்லூரிக்குப் போனாள், நான் தொடக்கக் கல்லூரிக்குப் போனேன். அவள் பட்டயப் படிப்பை முடித்து ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நான் இப்போதுதான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு.

பள்ளியில் எங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க மதிப்பெண் மட்டுமே இருந்தது. அதில் ஒளிவுமறைவு கிடையாது. ஆசிரியர் தாளைக் கொடுத்த அடுத்த நிமிடம் யாருக்கு எவ்வளவு என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். சம்பளம் அப்படியில்லை. யாரும் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. தெரியாத இடத்தை நாமே ஓர் எண்ணைப் போட்டு நிரப்பிக்கொள்கிறோம்.

நான் நிரப்பிய எண் 2,900. பலதுறைத் தொழிற்கல்லூரிப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு ஆய்வில் வந்த எண் அது. 2024ஆம் ஆண்டு ஆய்வின்படி, படித்து முடித்து நிரந்தர முழுநேர வேலையில் சேர்ந்தவர்களின் இடைநிலைச் சம்பளம் மாதம் 2,900 வெள்ளி. செய்தியைப் படித்ததும் அதை அப்படியே தோழியின் தலையில் எழுதிவிட்டேன். மாதம் 2,900 வெள்ளி! துணைப்பாடம் சொல்லிக் கொடுத்து வாரத்திற்கு 80 வெள்ளி சம்பாதிக்கும் எனக்கு அது பெரிய மலையாகத் தெரிந்தது.

இனி சொல்லப்போவது எனக்குப் பெருமை தரும் செய்தியன்று.

இந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு சிறிய சமூக சேவை அமைப்பில் பத்து வாரம் வேலைப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மாதம் 800 வெள்ளி கொடுத்தார்கள். அதே சமயம், எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பயிற்சிப் பணத்தைப் போட்டுக்கொண்டிருந்தனர். வங்கியில் சேர்ந்தவர் 1,800 என்றார். தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்தவர் அதற்கும் மேலே. அந்தக் குழுவில் ஏறத்தாழ அறுபது பேர் இருக்கிறோம். எண்ணைப் போட்டவர்கள் ஏழு பேர். மற்றவர்கள் ஏன் பேசவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. நானும் பேசாத ஐம்பத்து மூன்று பேரில் ஒருத்தி என்பதும் தோன்றவில்லை.

அந்த வாரம்தான் தோழி சாதாரணமாகக் கேட்டாள். “உனக்கு எவ்ளோ தர்றாங்க?”

“ஆயிரத்து இருநூறு.”

யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. 400 வெள்ளிப் பொய். அவள் “பரவாயில்லையே!” என்றாள். அன்றைக்கு அது அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ஆகஸ்டில் பினாங்குக்குப் போகலாம் என்று அவள் திட்டம் போட்டாள். மூன்று நாள், விமானம், தங்கும் விடுதி எல்லாம் சேர்த்து ஆளுக்கு 600 வெள்ளி. என் 1,200ஐ மனத்தில் வைத்து அவள் போட்ட கணக்கு அது. என்னிடம் அவ்வளவு இல்லை. ‘என் கணக்கு தப்பு’ என்று சொல்ல வாய் வரவில்லை. பாட வேலை வந்துவிட்டது, வர முடியாது என்று இன்னொரு பொய் சொன்னேன். அவள் அலுவலகத் தோழிகளோடு போய்வந்தாள். அதன்பிறகு குறுஞ்செய்திகள் குறைந்தன. பல்கலைக்கழகம் போனதும் தன்னோடு வர எனக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள். உண்மை நேர் எதிர். அவள் சம்பளத்துக்கு முன் நிற்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

பன்னிரண்டு ஆண்டு நட்பு 400 வெள்ளியில் ஆட்டம் கண்டது. இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உங்கள் நண்பர்களில் யாரோ ஒருவர் அண்மையில் காரணம் சரியாகச் சொல்லாமல் ஒரு பயணத்திலிருந்தோ பிறந்தநாள் விருந்திலிருந்தோ விலகியிருந்தால், அவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நாம் ஏன் இப்படி இருக்கிறோம்? லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மனிதர்கள் தங்களை அளந்து பார்க்கத் தங்களைப் போன்றவர்களையே தேடுகிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். ஒரு வங்கித் தலைவரின் சம்பளம் நம்மைத் தூங்கவிடாமல் செய்வதில்லை. உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரின் சம்பளம் செய்கிறது.

தெரிந்துகொண்டால் நிம்மதி வருமா என்றால், அதற்கும் ஆய்வு இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் பொதுமக்கள் பார்க்கக்கூடிய தகவல். நான்கு பொருளியல் அறிஞர்கள், ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்தத் தகவல் இணையத்தில் இருப்பதை எடுத்துச் சொல்லிவிட்டுப் பிறகு அவர்கள் மனநிலையைக் கேட்டார்கள். 2012இல் முடிவு வெளியானது. தங்கள் பிரிவில் நடுக்கோட்டுக்குக் கீழே சம்பளம் வாங்கியவர்களுக்கு வேலையில் மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. கோட்டுக்கு மேலே இருந்தவர்களுக்காவது மகிழ்ச்சி கூடியதா? இல்லை. அவர்களிடம் மாற்றமே தென்படவில்லை. கீழே இருந்தவர்களுக்கு நட்டம், மேலே இருந்தவர்களுக்கு லாபமில்லை. இப்படி ஒரு வியாபாரத்தை யாராவது செய்வார்களா? நாம் வாரத்திற்கு நான்கு முறை செய்கிறோம்.

நார்வே நாட்டில் வருமான வரி விவரம் பொதுத் தகவல். 2001 முதல் இணையத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தை எளிதாகத் தேட முடிந்தது. 2014இல் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். யார் உங்கள் வருமானத்தைத் தேடினார்கள் என்பதை நீங்களும் பார்க்கலாம். அவ்வளவுதான், தேடுவோர் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லிங்க்ட்இன் தளத்தில் பழைய வகுப்புத் தோழர்களின் பக்கங்களைப் பார்க்கும்போது, என் பெயர் தெரியாதபடி அமைப்பை மாற்றி வைத்துக்கொண்டவள் நான்.

அப்படியென்றால், சம்பளத்தைப் பற்றிப் பேசாமலே இருப்பது நல்லதா? பெரியவர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். ‘அடுத்தவர் தட்டைப் பார்க்காதே’ என்று அப்பாவும் சொல்வார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் துறையில் எனக்கு மூத்த மாணவி ஒருவர் வேலைக்குச் சேர்ந்த சில மாதங்களில், அதே நாளில் அதே வேலைக்குச் சேர்ந்த இன்னொருவருக்கு மாதம் 300 வெள்ளி கூடுதல் என்று ஒரு மதிய உணவின்போது தெரிந்துகொண்டார். மேலாளரிடம் போய்க் கேட்டார். அடுத்த ஆண்டு அந்த இடைவெளி சரிசெய்யப்பட்டது. யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்த 300 வெள்ளி மாதந்தோறும் போய்க்கொண்டே இருந்திருக்கும். பேசாமல் இருப்பதால் லாபம் சம்பளம் கொடுப்பவருக்குத்தான். வாங்குபவருக்கு இல்லை.

ஆகவே கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால், நாம் கேட்பது எப்போதும் பாதிக் கணக்கு. அதுதான் என் குறை.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என்னால் தாங்க முடியாமல் தோழிக்குச் செய்தி அனுப்பினேன். தேக்கா உணவங்காடி நிலையத்தில் சந்தித்தோம். தே தாரிக் வந்து ஆறும்வரை இருவரும் ஏதேதோ பேசினோம். பிறகு சொன்னேன். 1,200 இல்லை, 800தான். பாட வேலை என்றதும் பொய்தான்.

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கைப்பேசியை எடுத்துத் தன் சம்பளச் சீட்டைத் திறந்து என் முன் வைத்தாள்.

அதில் 2,900 இல்லை. 2,700 இருந்தது. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்கு மேலே, பாதிப் பேர் அதற்குக் கீழே என்பதை உயர்நிலை இரண்டிலேயே படித்திருக்கிறேன். கணக்குத் தாளில் தெரிந்த அது, தோழி விஷயத்தில் மறந்துவிட்டது. 2,700இல் 20 விழுக்காடு மத்திய சேமநிதிக்குப் போகிறது, 540 வெள்ளி. சிண்டா நிதிக்கு 7 வெள்ளி. கைக்கு வருவது 2,153.

அதில் 900 வெள்ளியை வீட்டுக்குக் கொடுக்கிறாள். அவள் அப்பா டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவர். கண்பார்வை மங்கியதால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நிறுத்திவிட்டார். எனக்கு அது தெரியாது. காப்புறுதிக்கு 180. பகுதிநேரப் பட்டப்படிப்புக்காகத் தனியாக 300 சேமிக்கிறாள். மீதி 773 வெள்ளியில் சாப்பாடு, பேருந்து, கைப்பேசி, தம்பிக்கு அவ்வப்போது கைச்செலவு. அந்தத் தோடு, ஐந்து மாதம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து வாங்கியது. பினாங்குக்கு அவள் ஒதுக்கிய 600 வெள்ளியும் அப்படித்தான்.

இன்னொன்றும் சொன்னாள். அதுதான் எனக்கு உறைத்தது. “எனக்கும் யூனிவர்சிட்டில இடம் கிடைச்சது. அப்பா வேலைய விட்ட நேரம். நீ கேம்பஸ்ல எடுத்த போட்டோ போடும்போதெல்லாம் நான் பார்ப்பேன், லைக் போட மாட்டேன்.”

நான் அவள் சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக் கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் என் நூலகப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

சரி, என் கணக்கையும் போடுவோம் என்று காகிதக் கைத்துண்டில் எழுதினோம். என் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு மேல். அது மத்திய சேமநிதிக் கல்விக் கடன் திட்டத்தின்கீழ், அப்பாவின் சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது. இலவசமன்று. நான் படித்து முடித்து ஓராண்டு ஆனதும், எடுத்த தொகையை வட்டியோடு ரொக்கமாக அப்பாவின் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். சாதாரணக் கணக்குக்கான வட்டி விகிதம் 2.5 விழுக்காடு. நான்கு ஆண்டில் 32,000 வெள்ளிக்கு மேல், வட்டி தனி.

அவள் பக்கம் பாருங்கள். அவளுடைய 20 விழுக்காட்டோடு முதலாளியின் 17 விழுக்காடும் சேர்ந்து மாதம் 999 வெள்ளி அவள் சேமநிதிக் கணக்கில் சேர்கிறது. நான் பட்டம் வாங்கி வெளியே வருவதற்குள் அவள் மூன்று ஆண்டு வேலை செய்திருப்பாள். அதே சம்பளத்திலேயே இருந்தாலும் 35,000 வெள்ளிக்கு மேல் சேர்ந்திருக்கும். என் கணக்கில் கிட்டத்தட்ட அதே அளவு கடன் இருக்கும். பல்கலைக்கழகப் பட்டதாரிகளின் 2024ஆம் ஆண்டு இடைநிலைச் சம்பளமான 4,500 வெள்ளி எனக்கே கிடைத்தாலும் (கலைப்பிரிவு மாணவிக்கு அது கொஞ்சம் பேராசைதான்) நான் இன்னும் சில காலம் அவளுக்குப் பின்னால்தான் இருப்பேன். அதன் பிறகு நான் முந்தக்கூடும். அவள் பகுதிநேரப் பட்டம் முடித்தால் கதை மீண்டும் மாறும். அதற்குள் இருவரில் யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போகும், யார் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும், யாருக்குத் தெரியும்?

யார் முன்னால், யார் பின்னால் என்ற கேள்விக்கு அந்தக் கைத்துண்டில் பதில் இல்லை. ஆனால், எனக்கு வேறு சில பதில்கள் கிடைத்தன. காப்புறுதியை எப்போது தொடங்குவது, சம்பளத்தில் எது கைக்கு வரும், எது வராது, பகுதிநேரமாகப் படிக்க மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு மணி நேரத்தில் அவளிடம் கற்றுக்கொண்டேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் போன எந்த வேலைவாய்ப்புக் கருத்தரங்கிலும் இதை யாரும் சொல்லித் தரவில்லை. தன்விவரக் குறிப்பு எழுதச் சொல்லித் தருகிறார்கள், நேர்காணலில் சிரிக்கச் சொல்லித் தருகிறார்கள். ஒரு சம்பளச் சீட்டை மேசையில் வைத்து வரி வரியாகப் படித்துக் காட்ட அரை மணி நேரம் போதாதா? நம் தமிழ் மன்றங்களும் மூத்த மாணவர்களை அழைத்துக் கலந்துரையாடல் நடத்துகின்றன. ‘எப்படி வெற்றி பெற்றீர்கள்?’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘முதல் ஆண்டு மாதக் கடைசியில் எவ்வளவு மிஞ்சியது?’ என்று கேட்டால் அறையே நிமிர்ந்து உட்காரும்.

ஆய்வு எண்களைப் பயன்படுத்தும்போதும் இதே கவனம் வேண்டும். 4,500 வெள்ளி என்பது நிரந்தர முழுநேர வேலை கிடைத்தவர்களின் எண் மட்டுமே. 2024இல் வேலைச் சந்தையில் இருந்த புதிய பட்டதாரிகளில் அப்படி வேலை கிடைத்தவர்கள் 79.5 விழுக்காட்டினர். அதற்கு முந்திய ஆண்டில் 84.1 விழுக்காடு. ஐவரில் ஒருவருக்கு மேல் அந்த எண்ணுக்குள்ளேயே வரவில்லை. தற்காலிக வேலையில் இருப்பவரும் இன்னும் தேடிக்கொண்டிருப்பவரும் செய்தியின் தலைப்பைப் பார்த்துத் தங்களைத் தோற்றவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். தவிர, அது சேமநிதிக்குக் கழிப்பதற்கு முந்திய தொகை. வாட்ஸ்அப் குழுவில் எண் போடுபவர்கள் போனஸைச் சேர்த்தார்களா, கழித்ததற்கு முன்னா பின்னா என்று ஒரு வரி சேர்த்துப் போட்டால் கோடிப் புண்ணியம்.

தேசிய சேவையில் இருக்கும் நம் நண்பர்கள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறார்கள் என்றும் யோசித்தேன். என் வகுப்புப் பையன்கள் பலர் இப்போதுதான் முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறார்கள். நான் வேலைக்குப் போகும்போது அவர்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டு படிப்பு இருக்கும். அவர்கள் யாரோடு தங்களை ஒப்பிடுவது? பக்கத்துப் படுக்கையில் படுத்தவனோடுதான் என்றார் ஒருவர்.

தீபாவளி நெருங்குகிறது. உட்லண்ட்ஸ் அத்தை வீட்டில் முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே அந்தக் கேள்வி வரும். “படிப்பு முடிஞ்சா எவ்ளோம்மா சம்பளம் வரும்?” சென்ற ஆண்டு “தெரியல அத்தை” என்று நழுவிவிட்டேன். இந்த முறை அத்தை மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கைத்துண்டுக் கணக்கைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அவன் உயர்நிலை நான்கில் இருக்கிறான். எந்தப் பக்கம் போவது என்று அவன் முடிவெடுக்க இன்னும் சில மாதங்களே உள்ளன.

தேக்காவிலிருந்து வந்த அன்று இரவு, அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டேன். இதுவரை என் படிப்புக்காக எவ்வளவு எடுத்திருக்கிறீர்கள்? “அத ஏம்மா இப்போ கேக்குற? நீ படி” என்றார். விடவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து, சிங்பாஸில் நுழைந்து, சேமநிதிக் கணக்கைத் திறந்து காட்டினார். நான் பட்டம் வாங்கும் ஆண்டில் அப்பாவுக்கு 55 வயது. அந்த வயதில்தான் ஓய்வுக்காலக் கணக்கு தொடங்கப்படும். திரையில் இருந்த எண்ணை என் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன். அப்பா எட்டிப் பார்த்து, “தேதியையும் போட்டுக்க” என்றார்.